குஞ்சின் எச்சம் சொல்லும் செய்தி



கோழிக்குஞ்சுக்குப் பேசத் தெரியாது. குளிர்கிறது என்றோ, வயிறு வலிக்கிறது என்றோ அது சொல்லாது. ஆனால், அதன் எச்சம் பல செய்திகளைச் சொல்லும். அதைப் படிக்கத் தெரியாததால்தான், கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் வீடுகளில் வீண் பயமும் வீண் மருந்தும் வந்துவிடுகின்றன.

தோட்ட லயங்களில் கோழி வளர்த்துப் பழகிய குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அப்படி ஓர் இல்லத்தரசி இருபது கம்பத்துக் கோழிக்குஞ்சுகளை வாங்கி வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில், அரைத்த கடுகு போன்ற பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கும் எச்சத்தைப் பார்த்துப் பதறுகிறார். வீட்டில் மிச்சமிருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்.

உண்மையில் அந்தக் குஞ்சுக்கு நோயே இல்லை. கோழியின் குடலோடு இரண்டு சிறு பைகள் இணைந்துள்ளன. அவை அவ்வப்போது காலியாகும்போது வெளிவருவதுதான் அந்த எச்சம். மற்ற நேரங்களில் எச்சம் சற்றுக் கெட்டியாக, மேலே வெள்ளைப் படலத்துடன் இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். இரண்டுமே இயல்பானவை.

முதல் வாரத்தில், குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. குளிர், அதிக வெப்பம், பயணக் களைப்பு ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். கவனிக்காவிட்டால் குஞ்சு இறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். காய்ந்ததைப் பிய்த்து இழுக்கக் கூடாது. முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரந்தோறும் 3 பாகை வரை குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது என்றும், விலகி ஓடினால் சூடு அதிகம் என்றும் பொருள்.

அதே இல்லத்தரசியின் குஞ்சுகளுக்கு நான்கு வாரம் ஆகிறது. இப்போது எச்சத்தில் இரத்தம். குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு, தலை தொங்கி, தீனி தின்னாமல் நிற்கின்றன. இது உண்மையான ஆபத்து. பெரும்பாலும் இது இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியோசிஸ். இதை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல. எய்மீரியா என்னும் ஒட்டுண்ணி. ஆகவே, வீட்டில் கிடக்கும் மாத்திரை இங்கே கைகொடுக்காது. அம்புரோலியம் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி உடனே கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதம்கூடச் சில குஞ்சுகளின் உயிரைப் பறித்துவிடும்.

இந்த ஒட்டுண்ணிக்கு ஈரமும் வெப்பமும் மிகவும் பிடிக்கும். நம் நாட்டுப் பருவநிலையில் இரண்டுக்கும் குறைவில்லை. எனவே, நனைந்த மரத்தூளை உடனுக்குடன் மாற்றுவதும், எச்சம் விழாத உயரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைப்பதும் மருந்தைவிடப் பெரிய பாதுகாப்பு.

பச்சை நிறக் கழிச்சலோடு மூச்சுத் திணறலும் கழுத்துத் திருகலும் கண்டால், வெள்ளைக் கழிச்சல் எனப்படும் நியூகாசல் நோயாக இருக்கலாம். பல கோழிகள் திடீரென மடிந்தால் மறைக்கக் கூடாது. கால்நடை சேவை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2004இல் கிளந்தானிலும், 2007இல் சிலாங்கூரிலும், 2018இல் சபாவிலும் பறவைக் காய்ச்சல் தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது.

தேவையில்லாத ஆண்டிபயாட்டிக், கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் கிருமி நாளை வீட்டுக் குழந்தையைத் தாக்கினால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். இந்த அச்சத்தால்தான், கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க மலேசியா 2019 ஜனவரி முதல் தடை விதித்தது. நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சைத் தொட்டு விளையாடிய பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

ஆகவே அன்பர்களே, காலையில் தீனி போடும்போது, குஞ்சுகளை எண்ணுவதோடு எச்சத்தையும் ஒருமுறை பாருங்கள். முதலில் கண், பிறகு மருத்துவர், கடைசியில்தான் மருந்து.