குட்டியானையில் மோட்டார் சைக்கிளைக் கட்டும் முறை

(நெய்க்காரப்பட்டியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பல முறை உங்களிடம் பேசியிருக்கிறோம். நாள்தோறும் உங்களைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளை ஒரு நாள் நீங்கள் ஏற்றிச் செல்ல நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

தோட்டத்தில் வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது. பழனியில் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். தேங்காய் ஏற்ற வந்த குட்டியானை ஒன்று நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றுகிறீர்கள். சைடு ஸ்டாண்டைப் போட்டு, நடுவில் ஒரு கயிற்றைச் சுற்றி, "தம்பி, நீ பின்னால் ஏறிப் பிடித்துக்கொள்" என்று ஒரு பையனையும் ஏற்றிவிடுகிறீர்கள். இந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். ஐரோப்பிய நாடுகளில் சரக்குக் கட்டுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால், பொருளின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை அதை முன்னே தள்ளும். வளைவில் பத்தில் ஐந்து பங்கு பக்கவாட்டில் தள்ளும். இதைத் தாங்குமாறு கட்ட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. ஸ்பிளெண்டர் வண்டியின் எடை ஏறத்தாழ 112 கிலோ. அப்படியானால் முன்னே தள்ளும் விசை 90 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு. நின்றுகொண்டிருக்கும் பையன் அதைப் பிடித்து நிறுத்துவானா? வண்டி அவன் மேல்தான் சாயும்.

சட்டமும் அவனுக்குத் துணை வராது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு இன்சூரன்சு கம்பெனி நட்டஈடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. பொருளுக்கு உரியவரோ அவருடைய ஆளோ உடன் செல்லலாம் என்று 1994-இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவரும் ஓட்டுநர் அறையில்தான் அமர்ந்து செல்ல வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகவே, பின்னால் ஆள் தேவைப்படாதவாறு கட்டுவதே முறை.

குட்டியானையின் தளம் ஏறத்தாழ 7 அடி நீளம். மோட்டார் சைக்கிள் ஆறரை அடி. இடம் சரியாக இருக்கும். 2 அங்குலக் கனமுள்ள அகலமான பலகையைச் சாய்த்து, என்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளி ஏற்றுங்கள். ஓட்டிக்கொண்டே ஏற்றும் சாகசம் வேண்டாம். முன் சக்கரம் முன் தடுப்பின் நடுவில் முட்டி நிற்கட்டும். கியரை ஒன்றில் போடுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட்டுக்குக் கியர் இல்லை. அதில் பிரேக் பிடியை இழுத்துச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிடலாம். டியூப்புக்கு இந்த ஒரு வேலைதான் உண்டு. வண்டியையே டியூப்பால் கட்டுகிறார்களே, அது இழுபடும் பொருள், குலுக்கலில் தளர்ந்துபோகும்.

கட்ட வேண்டியது நான்கு இடங்களில். முன்னே இரண்டு கட்டுகள் ஹேண்டில்பாரில், நடுத் தண்டை ஒட்டினாற்போல. கைப்பிடியிலோ கண்ணாடியிலோ கட்டக் கூடாது. கேபிள்களும் கயிற்றில் சிக்கக் கூடாது. அங்கிருந்து வலமும் இடமுமாகக் கீழ்நோக்கி முன்மூலைக் கொக்கிகளுக்கு இழுங்கள். முன் சாக்கப்சர் பாதியளவு அமுங்கினால் போதும். முழுவதும் அமுக்கினால் ஆயில் சீல் கெடும். அமுங்காவிட்டாலோ முதல் குழியிலேயே வண்டி துள்ளிக் கயிறு தளரும். பின்னே இரண்டு கட்டுகள் சீட்டுக்கு அடியிலுள்ள சட்டத்திலிருந்து பின்மூலைகளுக்குச் செல்ல வேண்டும். திறந்து மூடும் பக்கப் பலகையில் கட்டாதீர்கள். தளத்தோடு சேர்ந்த கொக்கியே உறுதி. கட்டி முடித்ததும் சைடு ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். ஸ்டாண்டு வண்டியைத் தாங்கினால் ஒரு பக்கக் கயிறு இறுகி, மறுபக்கம் தளரும்.

நைலான் கயிறு நனைந்தால் மேலும் நீளும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உரசும் இடத்தில் சாக்குத் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள்.

பெட்ரோல் குழாய் இருந்தால் மூடுங்கள். 2020-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் குழாயே கிடையாது; அவற்றை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் பெட்ரோல் ஒழுகும், பழைய வகைப் பேட்டரியாயின் அமிலமும் கொட்டும்.

புறப்படும் முன் ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் தனியாக ஆடாமல் குட்டியானையே சேர்ந்து ஆட வேண்டும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் சென்றதும் ஒரு முறை நிறுத்தி இறுக்குங்கள். முதல் தளர்ச்சி அங்கேதான் தெரியும்.

இறக்கும்போது ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்த பிறகே கட்டுகளை அவிழ்க்க வேண்டும். பின்கட்டுகள் முதலில், முன்கட்டுகள் கடைசியில். சாக்கப்சர் மேலெழும்பும்போது முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள்.