எல்லை காத்தல்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி மலையில் ஏறுவோர் உச்சியை நெருங்கும்பொழுது பாறையில் ஆழமான பிளவு ஒன்றைக் காண்பர். அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்தே உச்சியை அடைதல் வேண்டும். அடிவாரத்து மதிலில் பகைவன் நுழைந்தால் ஒரு பகுதிக்கே இழப்பு. உச்சியில் நுழைந்தாலோ கோட்டை முழுவதும் வீழ்ந்ததாகும்.

மாணவச் செல்வங்களே, கணிப்பொறிக்கும் இத்தகைய உச்சி உண்டு. அதனைக் ‘கெர்னல்’ என்பர். நாம் அன்றாடம் கையாளும் நிரல்கள் அடிவாரத்துக் குடிகள். அவற்றுள் ஒன்று பிழைபட்டால் அது மட்டுமே நின்றுபோகும். அச்சுப்பொறி, வட்டு முதலிய கருவிகளை ஆளும் ‘டிரைவர்’ நிரல்களுள் பல உச்சியிலேயே வாழ்கின்றன. காவற்பணிக்கான சில நிரல்களும் டிரைவர் வடிவில் அங்கேயே இடம்பெறுகின்றன. அவை பிழைபட்டால் இயந்திரம் முழுவதும் நின்றுவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இதுவே நிகழ்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் காவல் நிரலுக்கான புதிய குறிப்புக் கோப்பு ஒன்றை, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு உலகெங்கும் அனுப்பியது. அதைப் பெற்ற விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரை காட்டி நின்றன. 10.57 மணிக்கு அக்கோப்புத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. சென்னையிலும் பயணிகள் காத்துக் கிடந்தனர்.

பிழைதான் யாது? பல்லாண்டு வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்தவன் ஆதலின், அதைக் கொண்டே விளக்குகிறேன். பதிவேட்டில் 20 பெயர்களே உள்ளன; ஆசிரியரோ 21ஆம் பெயரையும் படிக்குமாறு பணிக்கப்படுகிறார். அவர் கண் கடைசி வரியைத் தாண்டிச் செல்கிறது. அங்கே இருப்பது பெயரன்று, வேறெதுவோ! அந்த டிரைவருக்கும் 20 மதிப்புகளே கொடுக்கப்பட்டிருந்தன. புதிய கோப்போ 21ஆவதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிற்று. நினைவகத்தில் தனக்குரிய எல்லைக்கு அப்பால் டிரைவர் படிக்க முயன்றது, இயந்திரம் நின்றது. முந்தைய கோப்புகள் 21ஆம் இடத்தில் ‘எதுவாயினும் ஆகுக’ என்றே குறித்திருந்தமையால், பல திங்கள் இப்பிழை உறங்கிக் கிடந்தது.

எல்லை மீறிப் படித்தலால் இயந்திரம் நிற்பதோடு தீங்கு முடிவதில்லை. வேறு சில நிரல்களில் இவ்வகைப் பிழை மறைபொருள்களை வெளியிட்டுவிடும். எல்லை மீறி எழுதுதலோ அயலானுக்கு உச்சியின் திறவுகோலையே கொடுத்துவிடவும் கூடும்.

மருந்து மிகச் சிறிது. ‘கேட்கும் எண், உள்ள எண்ணிக்கைக்குள் அடங்குகிறதா?’ என்று படிக்குமுன் வினவும் சோதனை சேர்க்கப்பட்டது. நிரலை ஆக்கும்பொழுதே இரு எண்ணிக்கைகளும் ஒத்துள்ளனவா என்று பார்க்கும் முறையும் வகுக்கப்பட்டது. இனி, புதிய கோப்பை முதலில் சிலருக்கு அனுப்பி, நலம் கண்டபின் பலருக்கு அனுப்புவதென முடிவாயிற்று. ஆனால் நின்றுபோன இயந்திரங்கள் பலவற்றை, ஊழியர்கள் ஒவ்வொன்றாக அணுகிப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அக்கோப்பைத் தம் கையாலேயே நீக்கவேண்டியதாயிற்று. ஒரு வரிச் சோதனையை விட்டதற்குக் கொடுத்த விலை அது!

இளைஞர்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவீர்கள். பிறர் தரும் எண்ணை நம்புமுன் எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை தீங்கு நேரவில்லை என்பது நிரல் செம்மையானது என்பதற்குச் சான்றாகாது. எவ்வளவு உயர்ந்த இடத்தில் உங்கள் நிரல் அமர்கிறதோ, அவ்வளவு ஐயத்தோடு அதனைச் சோதியுங்கள். அதனை நம்பியிருப்போர் உங்களை ஒருநாளும் காணப்போவதில்லை. உங்கள் விழிப்பே அவர்களுக்குக் காவல்.