சுவரோரம் போகும் விருந்தாளி

வீட்டில் எலி இருக்கிறதா என்று சந்தேகமா? இன்று இரவு படுக்கும் முன் அடுக்களைச் சுவரோரமாகக் கொஞ்சம் கோலமாவைத் தூவிவிட்டுப் படுங்கள். எலி நடுவீட்டில் உலாத்தாது. சுவரை உரசியபடிதான் போகும். காலையில் மாவில் சின்னச் சின்னக் கால்தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

புழுக்கையையும் பாருங்கள். கறுத்து, பளபளப்பாக, ஈரமாக இருந்தால் புதிது. வெளுத்து உதிர்ந்தால் பழசு.

பொறி வைத்தும் சிக்கவில்லை என்பார்கள். எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். அதனால் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோடு அப்படியே வைத்திருங்கள். பழகித் தின்ன ஆரம்பித்ததும் விசையை ஏற்றுங்கள். எலிப் பசை மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் மனிதனின் கல்லீரலைக் கெடுப்பது. தமிழ்நாட்டில் அதற்குத் தடையே இருக்கிறது.

பிடிப்பதைவிட வழியை அடைப்பதுதான் வேலை. கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்கு வாசல். துணியைத் திணித்தால் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். கதவின் அடியில் தகரம் அடியுங்கள். அரிசி, பருப்பு மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும்.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். பிறகு காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், வீட்டில் எலி இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.