தாயின் மனையில் ஒரு சக்கர வீடு



அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது ஆரிகன் மாநிலம். அங்கே வில்லமெட் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஹேசல்நட் தோப்புகளுக்குப் பேர்போனது. அந்த நாட்டில் விளையும் ஹேசல்நட்டில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்துதான் வருகிறது. நான் அங்கே குடியிருந்தபோது, எங்கள் வேலியை ஒட்டிய தோப்பு எண்பதை நெருங்கிய ஒரு அம்மாவுக்குச் சொந்தம். கணவர் காலமாகிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து எழுந்ததிலிருந்து அந்த அம்மாவால் தனியாகக் குளிக்கக்கூட முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மகள் நகரத்து வாடகையை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தார். ஆனால் அம்மாவின் வீட்டுக்குள் அவர் குடியேறவில்லை. பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்புறம் நிறுத்தி, அதில் வாழத் தொடங்கினார்.

டிராவல் டிரெய்லர் என்பது காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் வீடு. இவர் வாங்கியது 26 அடி நீளம், 8 அடி அகலம். 200 சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு கோடியில் கட்டில், மறு கோடியில் சாப்பாட்டு மேசை, இடையில் கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிஜ், நின்று குளிக்க ஒரு மூலை, கழிப்பறை. வீட்டில் காலியாக அறை இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், அம்மா, மகள் இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ஆளுக்கொரு கதவு வேண்டும். ராத்திரி அம்மா மணியடித்தால் முப்பது அடி நடந்தால் போதும். மற்ற நேரத்தில் அவரவர் அடுப்பு, அவரவர் வானொலி. வயதான பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் மனக்கசப்பில்லாமல் சேர்ந்திருக்க நான் பார்த்த ஏற்பாடுகளில் இது மிக நல்ல ஒன்று. இதைப் பற்றி உங்களிடம் பேச நினைத்ததற்கும் அதுதான் காரணம்.

சொந்த மனை, சொந்த வண்டி, சொந்த மகள். இதில் யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். கேட்க வேண்டியவர்கள் உண்டு. அதற்கு முன்னால், இந்த வாழ்க்கையின் அன்றாடக் காரியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மின்சாரம். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு வேண்டும். அதாவது 3600 வாட். அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக் பாயின்ட் தருவது 15 ஆம்பியர், அதில் பாதி. ஒரு அடாப்டரை மாட்டி, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்பவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் ஹீட்டரும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடும்போது, பிரேக்கர் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாவிட்டால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு, இது படித்த எலக்ட்ரீஷியன்களுக்கே நேர்வது. அந்த நாட்டில் துணி உலர்த்தும் மெஷினுக்கும் 30 ஆம்பியரில் மூன்று கால் சாக்கெட் உண்டு, ஆனால் அதில் வருவது 240 வோல்ட். டிரெய்லர் சாக்கெட்டையும் அதே இனம் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிட்டால், பிளக்கைச் செருகிய அந்த நொடியில் உள்ளே உள்ள சாதனங்கள் கருகிப்போகும். அதனால் அந்த மகள், எலக்ட்ரீஷியன் வேலையை முடித்த பிறகும், மீட்டரை வைத்து வோல்ட் அளந்து பார்த்துவிட்டுத்தான் செருகினார்.

அடுத்தது கழிவு. நாகரிகம் கருதி இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இந்த வாழ்க்கையைப் பற்றி எதையும் சொன்னதாக ஆகாது. வண்டியின் அடிவயிற்றில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, கழுவிய நீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். மனையிலேயே நிரந்தரமாக நிற்கும் வண்டிதானே, கழிவுக் குழாயை செப்டிக் டேங்கில் இணைத்து வால்வைத் திறந்தே வைத்துவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோருமே நினைப்பார்கள். அப்படி வைத்தால் நீர் மட்டும் வழிந்தோடிவிடும். திடக்கழிவு தொட்டிக்குள் குவிந்து, காய்ந்து, இறுகிவிடும். பிறகு அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு. வால்வை மூடியே வைத்து, தொட்டி முக்காலுக்குப் பக்கம் நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். முதலில் மலத்தொட்டி, பிறகு குளித்த நீரின் தொட்டி. இரண்டாவது நீர் முதலாவது போன குழாயைக் கழுவிக்கொண்டு போகும். அந்த மகள் கையுறை போட்டுக்கொண்டு, குழாயின் ஒரு நுனியை செப்டிக் வாயில் அழுத்திச் செருகி, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, மறு நுனியில் வால்வை இழுப்பார். குழாயில் ஒரு கையளவுக்குக் கண்ணாடி போன்ற துண்டு ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் நீர் தெளிந்த பிறகுதான் வால்வை மூடுவார். மழையானாலும் தவறாமல் செய்வார், முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

மழை என்றேனே, அதுதான் அங்கே பெரிய சோதனை. அக்டோபரில் தொடங்கினால் மே வரைக்கும் தூறல் நிற்காது. டிரெய்லரின் சுவர் இரண்டு அங்குலம்கூட இருக்காது. வெளியே குளிர், உள்ளே மனித மூச்சு, சமையல் ஆவி. கேஸ் எரிவதாலும் நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். இதெல்லாம் சில்லென்ற சுவரில் படிந்து, வழிந்து, மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். ஒருநாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கும். இவர் மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துக் காற்றோட்டம் கொடுத்தார், ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை ஓடவிட்டார், சமைக்கும்போது குளிரானாலும் கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்துவைத்தார்.

உள்ளே சுற்றும் காற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அந்த நாட்டுக்கே பாடமானது. 2005இல் கத்ரீனா புயல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களை அழித்தபோது, மத்திய அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களை வாங்கி அனுப்பியது. பலருடைய வண்டி அவர்களுடைய இடிந்த வீட்டு வாசலிலேயே நின்றது. குழந்தைகளுக்கு இருமல், கண்ணெரிச்சல், மூக்கில் ரத்தம். நோய்த் தடுப்பு மையம் 519 வண்டிகளில் காற்றைச் சோதித்து, 2008 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு. சாதாரண வீடுகளில் இருப்பதைப்போலப் பல மடங்கு. மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகைகளின் பசையிலிருந்து கசிந்த நச்சு அது. அத்தகைய பலகைகளிலிருந்து கசியும் நச்சுக்கு உச்சவரம்பு வைக்கும் மத்தியச் சட்டம் 2010இல் வந்தது. சில வாரம் சுற்றுலா போய்வருகிறவருக்கு ஜன்னலைத் திறந்தால் தீர்ந்துவிடும் விஷயம், கதவை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாழ்கிறவர் உடம்பில் ஏறிவிடுகிறது.

இத்தகைய வண்டியில் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். அந்த நாட்டில் தொழிற்சாலையில் கட்டி லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடுகளுக்கு 1976 ஜூனிலிருந்து மத்திய அரசின் கட்டுமானத் தரம் உண்டு. டிராவல் டிரெய்லருக்கு அந்தத் தரம் பொருந்தாது. சட்டத்தின் கண்ணில் அது பொழுதுபோக்கு வாகனம். அதனால் பெரும்பாலான ஊர்களில் வண்டியை மனையில் நிறுத்திவைக்கலாம், அதில் குடியிருக்கக் கூடாது. அண்டை வீட்டார் யாராவது ஒரு புகார் கொடுத்தால் போதும், நோட்டீஸ் வந்துவிடும்.

ஆரிகனில் கெடுபிடி இன்னும் அதிகம், அதற்கு மதிக்கத்தக்க காரணம் இருக்கிறது. நகரங்கள் பரவி விளைநிலத்தை விழுங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது, 1973இல் அந்த மாநிலம் நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. விவசாய நிலத்தில் நினைத்தபடி இரண்டாவது வீடு கட்ட முடியாது. அந்தத் தோப்புகள் இன்றும் பச்சையாக நிற்பது அந்தச் சட்டத்தால்தான். அதை ஒரு குறையாக நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கதவும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவருக்கோ அவருடைய உறவினருக்கோ கடுமையான நோய், முதுமைத் தளர்ச்சி போன்ற இடர் இருந்தால், அந்த இடர் நீடிக்கும் காலத்துக்கு மட்டும், ஏற்கெனவே உள்ள வீட்டோடு சேர்த்துத் தற்காலிகமாக ஒரு டிரெய்லரில் குடியிருக்க அனுமதி கேட்கலாம். நம் பக்கத்துத் தோப்பு மகளும் அந்த வழியில்தான் அனுமதி பெற்றார். அம்மாவுக்கு உதவி தேவை என்று டாக்டர் சான்று கொடுத்தார். கழிவு வீட்டின் அதே செப்டிக் டேங்கில்தான் சேர வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகம் மறுபடி பரிசீலிக்கும். இதெல்லாம் சரி.

கடைசி நிபந்தனையைக் கேளுங்கள். இடர் தீர்ந்த மூன்று மாதத்துக்குள் வண்டியை அகற்றிவிட வேண்டும்.

எண்பது வயதில் இத்தகைய இடர் எப்படித் தீரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலையை விட்டு, நகரத்து வாடகை வீட்டை விட்டு, கையிருப்பையெல்லாம் போட்டு வண்டி வாங்கி, வருஷக்கணக்கில் தாயைக் குளிப்பாட்டித் துடைத்து உட்காரவைத்த மகளுக்கு, தாய் போன மூன்றாவது மாதம் அந்த இடத்தில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது. துக்கம் ஆறுமுன்னே அவர் வேறு இடம் தேட வேண்டும். தோப்பைப் பாதுகாக்க இவ்வளவு கண்டிப்பு தேவைதானா? வண்டி நிற்பது வீட்டு முற்றத்தின் சரளைக்கல் மேல். ஒரு மரத்தைக்கூட அது இடம்பெயர்க்கவில்லை. நேற்று வரை பாதுகாப்பானது என்று அதே அலுவலகம் ஒப்புக்கொண்ட மின் இணைப்பும் கழிவு இணைப்பும் தாய் இறந்த மறுநாள் பாதுகாப்பற்றவை ஆகிவிடுமா?

வேறு வழி இருக்கிறது என்பதை அதே மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் காட்டியிருக்கிறது. வாடகை ஏறி, தெருவில் படுப்பவர்கள் பெருகியபோது, 2017இல் அந்த நகரம் தனியார் மனையில் நிற்கும் வண்டிகளில் வாழ்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதைத் தள்ளிவைத்தது. பிறகு 2021 ஆகஸ்டிலிருந்து விதியையே மாற்றிவிட்டது: வீடு இருக்கும் மனையில் ஒரு டிரெய்லரிலோ சக்கரத்தில் கட்டிய சிறு வீட்டிலோ ஒருவர் குடியிருக்கலாம். கழிவுக்கும் மின்சாரத்துக்கும் முறையான ஏற்பாடு வேண்டும். உள்ளே இருப்பவருக்கு என்ன நோய், அவர் வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்று நகரம் கேட்பதில்லை. 2023இல் மாநிலச் சட்டமன்றமும், கிராமப்புறக் குடியிருப்பு மனைகளில் வீட்டோடு சேர்த்து ஒரு வண்டியை வசிப்பிடமாக அனுமதிக்கும் அதிகாரத்தைக் கவுண்டிகளுக்குக் கொடுத்தது. அது அதிகாரம்தான், கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கவுண்டியும் தானாக முன்வந்து விதி எழுத வேண்டும்.

என் நிலை இதுதான். செப்டிக்கைச் சோதியுங்கள், வயரைச் சோதியுங்கள், புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் இருக்கிறதா என்று பாருங்கள், வருஷா வருஷம் வந்து பாருங்கள். இவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் இருப்பிடத்தை அவள் தாயின் நோயோடு முடிச்சுப் போடாதீர்கள்.

சட்டம் மாறும் வரை குடும்பங்கள் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. அப்பா மனைதானே, அம்மா இடம்தானே என்ற நம்பிக்கையில் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. தாய்க்குப் பின் சொத்து மூன்று பிள்ளைகளுக்குப் போகும்போது, பின்புறம் நிற்கும் வண்டியைச் சுற்றித்தான் முதல் சண்டை வரும். நான் சொல்லும் குடும்பம் இதில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. வெளிமாநிலத்திலிருந்து மகன்கள் வந்திருந்த ஒரு விடுமுறையில், அம்மா எல்லோரையும் சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பேசி, வக்கீலிடம் கொடுத்து எழுதிக்கொண்டார். மின்சாரக் கட்டணத்துக்குத் தனி மீட்டர், அதை மகள் கட்ட வேண்டும். செப்டிக் டேங்கை இறைக்கும் செலவு சரிபாதி. சாதாரண வண்டிக் காப்பீடு அதில் முழுநேரம் குடியிருப்பவருக்குச் செல்லாது என்பதால், அதற்கென்று உள்ள காப்பீட்டுக்கான தொகையைத் தாயே கொடுத்துவிட்டார். தாய் காலமானால் வீட்டை உடனே விற்கக் கூடாது. ஒரு வருஷம் வரை மகள் வீட்டுக்குள்ளேயே வாடகையின்றி இருக்கலாம், வண்டியை மட்டும் அந்த மூன்று மாதக் கெடுவுக்குள் அகற்றிவிட வேண்டும். மகன்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூத்தவர் மட்டும் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: அந்த வருஷத்துக்குள் கவுண்டி விதி மாறி, வண்டி அங்கேயே இருக்கலாம் என்று வந்துவிட்டால், அது நின்ற அந்த இடம் பாகப்பிரிவினையில் தங்கைக்கே.