மடக்குக் கத்தியில் மரபு எது, நவீனம் எது?



நாணயம் சேகரிப்பவர் ஆண்டைப் பார்ப்பார். மடக்குக் கத்தி சேகரிப்பவரோ, ஒரு கத்தி எப்போது செய்யப்பட்டது என்பதைக் காட்டிலும் எவ்வாறு செய்யப்பட்டது என்பதையே பார்த்து, அதனை மரபுக் கத்தி என்றோ நவீனக் கத்தி என்றோ வகுப்பார். நேற்றுப் பட்டறையிலிருந்து வெளிவந்த கத்தியும் அவர் கணக்கில் மரபுக் கத்தியாகலாம்.

மரபுக் கத்தியின் பிடி எலும்பு, கொம்பு, மரம் இவற்றில் ஒன்றால் ஆகித் தறையாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அலகில் நகம் பதியச் சிறு பள்ளம் உண்டு. அலகின் அடியை முதுகுப்புறத்து வில் ஒன்று அழுத்தி நிறுத்துமேயன்றிப் பூட்டாது. நவீனக் கத்தியை ஒரு கையின் கட்டைவிரலாலேயே திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். அமெரிக்க நிறுவனமான ஸ்பைடர்கோ 1981-இல் அலகில் துளையும், சட்டைப்பையின் விளிம்பைக் கவ்வும் கிளிப்பும் வைத்து ஒரு கத்தியை வெளியிட்டது. இன்றைய நவீனக் கத்திகளிற் பல அதன் வழி வந்தவை.

இப்பாகுபாடு கேட்பதற்கு எளிது, சோதித்தால் நிற்பதில்லை. எஃகைக் கொண்டு பிரிக்கலாமெனில், ஷெப்பீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை 1913-இலேயே உருக்கிவிட்டார். பூட்டைக் கொண்டு பிரிக்கலாமெனில், 1890-இல் தோன்றிய பிரெஞ்சுக் கத்தியான ஒப்பினெல் 1955-இல் பூட்டு வளையம் பெற்றது; அதனால் அது மரபு வரிசையினின்று தள்ளப்படவில்லை. நம் நாட்டு ராம்பூர்க் கத்திக்கும் பூட்டு உண்டு. நவாபுகள் ஆண்ட அவ்வூரின் கைவினைஞர் புகழ்பெறச் செய்த அக்கத்தியை நவீனம் என்றால் ராம்பூர்க் கடைவீதியே சிரிக்கும். 2023-இல் அந்நகரத்தார் 20 அடி நீளக் கத்தி உருவமொன்றை நாற்சந்தியில் நிறுவியிருக்கின்றனர்!

ஆதலின் திறப்பதற்கு எத்தனை கை வேண்டும் என்பதே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. மரபுக் கத்தியைத் திறப்பவன் கையிலுள்ள வேலையை நிறுத்தி, இரு கையையும் அதற்கே கொடுக்கிறான். நவீனக் கத்தி, மற்றொரு கையால் ஏணியையோ கயிற்றையோ பற்றி நிற்பவனுக்கு உதவுவது. (பொத்தானை அழுத்தித் திறக்கும் ராம்பூர் வகை இவ்வளவுகோலுக்கு அடங்காது, அது கிடக்கட்டும்.)

இவ்வழக்கு நம்மவரைத் தொடும் இடம் ஒன்று உண்டு. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையையொட்டிய ஹெப்பகோடியில், தொழிற்சாலைக் கருவிப்பட்டறையில் பணிபுரியும் நண்பரொருவர் கத்திகள் சேகரித்து வருகிறார். சுவிட்சர்லாந்துக் கத்திகளின் நடுவே அவர் வைத்திருப்பது ஒரு மடக்கெழுத்தாணி. தருமபுரிப் பக்கத்துச் சொந்த ஊரில் பாகப்பிரிவினை நடந்தபோது அது பழைய இரும்போடு எடைக்குப் போகவிருந்தது. “அண்ணா, இந்தத் துருப்பிடித்த முள் உங்களுக்கு எதற்கு?” என்றாராம் தம்பி.

1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி வெளிவந்த ‘என் சரித்திரம்’ நூலில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுத்தாணி வகைகளை விவரித்திருக்கிறார். அவற்றுள் ஒன்று மடக்கெழுத்தாணி. ஓலையை வாரக் கத்தி, எழுத முள், இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். தறையாணி, கொம்புப் பிடி, இரு கையால் திறக்கும் அலகு என எவ்வளவுகோலால் அளந்தாலும் இது மரபுக் கத்தியே. வேற்று மாநிலம் வந்த நாம் குத்துவிளக்கையும் வெண்கலப் பானையையும் கொண்டுவந்தோம். இதனை, இன்னதென்று அறியாமையால், ஊரிலேயே விட்டோம்.

அடுத்த முறை ஊர் செல்கையில் பரணிலுள்ள பழம்பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைத்தால் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டா. அலகின் கருமையைச் சேகரிப்போர் மதிப்பர். கீலில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் போதும். தறையாணி தளர்ந்திருந்தால் கொல்லரிடம் தட்டிக்கொள்ளலாம். ஆனால் பையிலிட்டு மெட்ரோ ரயிலுக்குச் செல்லாதீர்கள். ஹெப்பகோடிக்கு 2025 ஆகஸ்டில் ரயில் வந்துவிட்டது. நிலைய வாயிற் காவலருக்கு எழுத்தாணியும் கத்தியும் ஒன்றே.

நண்பரின் எழுத்தாணியில் முள் இன்னும் கூராகவே இருக்கிறது. தேய்ந்திருப்பது கத்திதான், ஓலை வாரி வாரி அதன் நடுப்பகுதி பிறைபோல் குழிந்திருக்கிறது.