வாளும் கொழுவும் ஒரே இரும்பு

(திருவருகைக் காலம் முதல் ஞாயிறு – வானொலி மறையுரை)



வாள்களைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் மக்களை எசாயா காட்சியில் கண்டதை இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். இதைக் கேட்டதும் நாம் அமைதியைப் பற்றி எண்ணுகிறோம். கொல்லனைப் பற்றி எண்ணுவதில்லை. எசாயா வாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, மண்ணில் புதைக்கவும் சொல்லவில்லை. அதே இரும்பைத்தான் உலையில் வைத்து அடிக்க வேண்டும். அது எவ்வளவு பொறுமையான வேலை என்பதை நம் காலத்து மருத்துவ வரலாற்றில் பார்க்கலாம்.

1895 டிசம்பரில், பெல்ஜியம் நாட்டு எல்செல் கிராமத்தில் ஓர் அடக்கச் சடங்கு நடந்தது. அதில் வாசித்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பிறகு அவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பேசவும் விழுங்கவும் முடியவில்லை. மூன்று பேர் இறந்துபோனார்கள். மீதியிருந்த இறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர், காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவை அதில் கண்டுபிடித்தார். இன்று அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். அது உண்டாக்கும் நச்சு, நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைத் தடுத்துவிடுகிறது. செய்தி கிடைக்காத தசை தளர்ந்துபோகிறது. மூச்சுக்கான தசைகளும் தளர்ந்தால் சாவுதான். நாம் அறிந்த நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை என்றே அறிவியலார் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நஞ்சின்மேல் படைத்துறையின் கண் விழுந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1943இல் தொடங்கப்பட்ட டெட்ரிக் முகாமில், இதை ஆயுதமாக்கும் நோக்கத்தோடு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 1946இல் அங்கே அது தூய படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நோய்க்கிருமி பாவம் செய்வதில்லை, அன்பர்களே. படைக்கப்பட்ட இயல்பின்படி அது வாழ்கிறது, அவ்வளவே. இந்த நஞ்சால் எத்தனை பேரைக் கொல்லலாம் என்று மனிதர் கணக்குப் போட்டபோதுதான் பாவம் உள்ளே வந்தது.

அந்த முகாமில் வேலை செய்த எட்வர்ட் ஷான்ட்ஸ் என்பவர் நஞ்சைத் தூய்மைப்படுத்துவதில் தேர்ந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண் உள்ளவர்களுக்கு வேறு வழி தேடிக்கொண்டிருந்தார். கண்ணை ஒரு பக்கம் இழுக்கும் தசையைக் கத்தியால் வெட்டித்தான் அப்போது சரிசெய்வார்கள். வெட்டாமல் அந்தத் தசையை மட்டும் சற்றுத் தளர்த்த ஒரு மருந்து கிடைக்காதா என்பதே அவர் கேள்வி. ஷான்ட்ஸ் தாம் தூய்மைப்படுத்திய நச்சை அவருக்குக் கொடுத்தார். ஆட்கொல்லி நஞ்சைக் கண்ணருகே ஊசியால் செலுத்துவது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? ஸ்காட் அவசரப்படவில்லை. குரங்குகளில் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து 1973இல் முடிவை வெளியிட்டார். மனிதர்களில் கண்ட பலனை வெளியிட்டது 1980இல்தான். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. மனிதர்களில் கண்ட பலனை வெளியிட்ட பிறகும் ஒன்பது ஆண்டுகள்!

இதற்கிடையே, 1969 நவம்பரில் அதிபர் நிக்சன் உயிரியல் ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் நச்சுகளையும் அந்த அறிவிப்பில் சேர்த்தார். ஷான்ட்ஸ் 1972இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1979 நவம்பரில் தயாரித்த ஒரே தொகுதி நச்சு, பல ஆண்டுகள் மருந்தாகப் பயன்பட்டது.

போடாக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு முகச்சுருக்கம்தான் நினைவுக்கு வரும். விளம்பரங்கள் அப்படி. ஆனால் புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல். நோயாளிகள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். சிலருக்கு இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். கண்ணில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் சாலையைக் கடக்க முடியாது, முகம் பார்த்துப் பேச முடியாது. அந்த இமைகளைத் திறந்தது இந்த நச்சுதான். பெருமூளை வாதத்தால் கால் விறைத்த குழந்தைகளுக்கும், பக்கவாதத்தால் கை முறுக்கிக்கொண்டவர்களுக்கும் இன்று இதைக் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் எல்லா வாள்களும் உலைக்குப் போய்விடவில்லை. உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்யும் உலக ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும், இதே நச்சை ஏறத்தாழ 19,000 லிட்டர் தயாரித்ததாக ஈராக் 1995இல் ஐ.நா. ஆய்வாளர்களிடம் ஒப்புக்கொண்டது. மருத்துவர் தேடிய அதே பொருள்தான். கேட்டவரும் கேட்ட காரணமும் வேறு. இந்தத் திருவருகைக் காலத்தில் அமைதிக்காகச் செபிக்கும்போது, ஆயுதம் வைத்திருப்போர் மனம் மாற வேண்டும் என்பதோடு நின்றுவிட வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கும் பெயர் தெரியாத கொல்லர்களுக்காகவும் செபிப்போம். மருந்தின் விலை எட்டாமல் வாசலோடு திரும்பும் நோயாளிகளையும் அந்தச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.

இந்த மருந்து நோயை ஒரேயடியாகத் தீர்ப்பதில்லை. மூன்று மாதம் போல வேலை செய்யும். பிறகு நரம்பு மறுபடி செய்தி அனுப்பத் தொடங்கும், இமை மறுபடி மூடும். அவர்கள் மறுபடியும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மருத்துவர் மறுபடியும் அளவைப் பார்த்து, அந்த நஞ்சில் ஒரு துளியை ஊசியில் எடுக்கிறார்.