இரத்தக் குழாய்க்குள் ஓர் ஒலிக்கருவி



உம்பாய்க் கரையிலே கடலுக்குப் போகிறவர்கள், ஒலியை நீருக்குள் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறியும் கருவியைப் பற்றி அறிந்திருப்பார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் அதே தத்துவந்தான். அந்த ஒலிக்கருவியை மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தி, மனிதனின் இரத்தக் குழாய்க்குள்ளேயே செலுத்துகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இருதயத்திலிருந்து புறப்பட்டு, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குவது பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. சிலருக்கு அதன் சுவர் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புவதுபோல் புடைக்கிறது. 3 செ.மீ. ஆனால் நோய். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனால் சரிசெய்யும் கட்டம். வெடித்தால் பிழைப்பவர் சிலரே. அதுவரை பெரும்பாலும் வலியே இராது என்பதுதான் கொடுமை. விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1955இல் இறந்ததும் இதனால்தான். 1948இல் டாக்டர் ருடால்ப் நிஸ்ஸன் அவருடைய புடைப்பின்மேல் செலோபேன் தாளைச் சுற்றி வைத்திருந்தார்.

பின்னர், வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் தைக்கும் முறை வந்தது. 1990இல் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ஹுவான் பரோடி வயிற்றைத் திறக்காமலே, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மடித்த துணிக்குழாயை ஏற்றி, உள்ளே விரித்தார். 2004இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 100க்கு 4.7; இந்த முறையில் 1.7.

ஆனால், துணிக்குழாயின் மேல்விளிம்பு சிறுநீரகத் தமனிகளின் வாய்க்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். மேலே ஏறினால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகாது. கீழே இறங்கினால் ஓரமாகக் கசிந்து புடைப்பு மறுபடி வளரும். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இல்லை. இடம் பார்க்க எக்ஸ்ரேயில் சாயமருந்து செலுத்துவார்கள். பழுதுபட்ட சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கக்கூடும். நீரிழிவு மலிந்த நம் குடும்பங்களில் இது சின்ன விஷயமா?

இங்கேதான் ஒலிக்கருவி உதவுகிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் குழாய் தமனிக்குள் நகர நகர, வெட்டிய வாழைத்தண்டுபோல் வட்டப் படம் திரையில் விழும். சுவரின் அகலம், படிந்த சுண்ணாம்பு, உறைந்த இரத்தம், கிளைத் தமனிகளின் வாய் எல்லாம் தெரியும். சாயத்தின் அளவை வெகுவாகக் குறைக்கலாம். குறையும் உண்டு. குழாய் சாய்ந்து கிடந்தால் அளவு பிசகும், கசிவை இது நன்றாகக் காட்டாது, செலவும் அதிகம், பழகிய கை வேண்டும். முன்னதாக எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு இது மாற்றும் அல்ல.

புகைபிடித்த ஆண்களுக்கு, அதுவும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, இந்நோய் வர வாய்ப்பு மிகுதி. வீட்டிலே அப்படிப்பட்ட தாத்தா இருந்தால், வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வலியில்லாத பரிசோதனைதான். திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி வந்து மயங்கினால், வாய்வு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 999ஐ அழையுங்கள். துணிக்குழாய் வைத்துக்கொண்டவர்கள், உடம்பு நன்றாயிருக்கிறதென்று மறு ஸ்கேனுக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. கசிவு ஆண்டுகள் கழித்தும் வரும்.